நாற்காலியில் போட்ட துண்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது மூன்று, மற்ற இரண்டும் என் நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு என் மடிக்கு வந்தவை. எது பெற்றது, எது வளர்த்தது என்று எங்கள் ஊரில் இன்றைக்குப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஒரு வரி எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும், உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். ஆனாலும் கைநாட்டு வைத்தவள் இல்லை. எங்கள் ஊர் கிராம சபையில் வருகைப் பதிவேடு பெண்கள் பக்கம் வந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும்.

கிராம சபை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடியரசு நாள், சுதந்திர நாள் மாதிரி நாட்களில் ஊர் கூடும் கூட்டம் அது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மைக் கட்டுவார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கதவு கிடையாது. ஓட்டுப் பட்டியலில் பேர் இருக்கிற யாரும் போய் உட்காரலாம், எழுந்து கேட்கலாம். கேட்டதை ஊராட்சிச் செயலர் எழுத வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். பற்றாளர் என்பார்கள் அவரை.

நான் முதன்முதல் போனபோது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, பெண்களெல்லாம் பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நேரே போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். கூட வந்த சின்னவளையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சின்னவள் என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வளவில் எங்கள் இருவர் வீடும். அடுப்பு இரண்டு, குழம்பு பெரும்பாலும் ஒன்று. இருவருக்கும் கணவர் இல்லை இப்போது. அன்றிலிருந்து சபை என்றால் எங்களில் யார் முதலில் போகிறோமோ அவர் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். நான் எழுந்து பேசுவேன். சின்னவள் என் வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவை அவள் சபையில் வாய் திறந்ததில்லை.

பங்குனியில் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தேன். முல்லையாற்றில் தண்ணீர் குறைந்தால் படியில் பாசி பிடிக்கும், பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. இடுப்பில் தகடு வைத்தார்கள். மகள் வந்து, அல்லிநகரத்தில் அவளும் பேத்தியும் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாடி வீடு. சன்னலைத் திறந்தால் எதிர் மாடியில் காயும் துணி தெரியும்.

நடக்க ஆரம்பித்ததும் ஊருக்குப் போகிறேன் என்றேன்.

"போயி?"

"போயி என் வீட்டுல இருக்கேன்."

"வீட்டுலயா இருப்ப? மறுநா விடியும்போது ஆத்துல நிப்ப. பைப்பைத் திறந்தா வீட்டுலயே தண்ணி வருது, அது ஒனக்குக் குளிச்ச மாதிரி இருக்காது."

"இருக்காதுதான்."

"அந்தப் படியில கைப்பிடிக் கம்பி வரட்டும். மறுநாளே நான் கொண்டுபோய் விடுறேன். அதுவரைக்கும் பேச்சே எடுக்காதம்மா."

அவள் சொன்னது நியாயம். நான் போனால் ஆற்றுக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆனால் கம்பியை யார் கேட்பது? கேட்கிறவள் நான் இங்கே மாடியில் கிடக்கிறேனே.

சுதந்திர நாள் சபை வந்தது. மகள்தான் யோசனை சொன்னாள். சின்னவளிடம் திருப்பூரிலிருக்கும் அவள் மகன் வாங்கித் தந்த தொடுபோன் இருக்கிறது. வீடியோவில் கூப்பிட்டால் நான் இங்கிருந்தே பேசலாம். சின்னவளுக்கு ஒரே குஷி. முந்தின நாளே ஒத்திகை பார்த்தோம். போனில் என் சத்தம் சன்னமாகக் கேட்கிறது என்று அதை அகலவாய்ச் சொம்புக்குள் நிறுத்தினாள். சொம்புக்குள் வைத்தால் சத்தம் பெருகும், எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

அன்று காலை புதுச் சேலை கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மகள் சிரித்தாள், சிரிக்கட்டும். சின்னவள் முன் வரிசையில் துண்டைப் போட்டு, துண்டின் மேல் சொம்பை வைத்து, சொம்புக்குள் போனை வைத்தாள். போன் மல்லாந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொம்பின் விளிம்பும் ஒரு வேப்பங்கிளையும்தான். கிளைக்கு மேலே மேகம் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. சாரல் காற்று இலையை அசைத்தது. அந்தக் காற்று என் முகத்தில் படவில்லையே என்றிருந்தது. கூட்டத்தில் ஆள் சேரச் சேர சத்தம் மட்டும் வந்தது.

"என்ன மதினி, சொம்புக்குள்ள குடியேறிட்டீகளா?" என்றது தெரிந்த ஒரு குரல்.

"வாடகை இல்லாத வீடுப்பா," என்றேன். அங்கே சிரித்த சிரிப்பு இங்கே வந்து சேர நேரம் பிடித்தது.

பதிவேடு வந்தது. சின்னவள் கைநாட்டு வைத்துவிட்டு, "அக்கா பேரையும் எழுதிக்கங்க, இந்தா இருக்காகல்ல," என்றாள். செயலர் பற்றாளரைப் பார்த்திருக்க வேண்டும். பற்றாளர் எழுந்து நாற்காலி பக்கம் வந்தார். முதல் தடவையாக ஒரு மனித முகம் என் போனுக்குள் தெரிந்தது, இளவயது, மூக்குக் கண்ணாடி.

"பாட்டிம்மா, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் விதியில இதுக்கு இடம் இல்ல. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டவங்கதான் வருகைக் கணக்கு."

"நான் இந்த ஊரு ஓட்டுதானே தம்பி?"

"ஓட்டுதான். பேசுங்க, கேட்டுக்கிறோம். ஆனா கோரிக்கைன்னு எழுதணும்னா இங்க இருக்கிற ஒருத்தர் எழுந்து சொல்லணும்."

கோபம் வந்தது. எல்லோரும் வரலாம் என்றுதானே கதவு வைக்காமல் விட்டார்கள் என்று கேட்க நினைத்தேன். அவர் மேல் குற்றமில்லை. இல்லாத விதியை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? "சரி தம்பி, முதல்ல பேசுறேன்," என்றேன்.

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சின்னவள் சொம்போடு தூக்கி மைக்கில் வைத்தாள். "ஆத்துப் படிக்கு" என்று நான் தொடங்கவும், மைக் கீயென்று கத்தியது பாருங்கள், ஊரே காதைப் பொத்தியிருக்கும். "ஏலே, அதை எடுங்கடா அங்கிட்டு," என்று யாரோ அதட்டினார்கள். நான் மறுபடி துண்டுக்குத் திரும்பினேன். மறுபடி வேப்பங்கிளை.

"யாராச்சும் சொல்றீங்களா? இல்ல அடுத்த பொருளுக்குப் போகலாமா?" ஊராட்சித் தலைவரின் குரல்.

ஒரு நாற்காலியும் நகரவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டால் அடுத்த சபை வரை நான் இந்த மாடியில்தான். அப்போது பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்தை நான் அறிவேன். நான் எழும்போது என் நாற்காலி போடும் சத்தம் அது.

"நான் சொல்றேன்," என்றாள் சின்னவள்.

நான் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தது வேறு. படித்துறையின் நீளம், எத்தனை வீட்டார் புழங்குகிறார்கள், எந்த நிதியில் செய்யலாம் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். அவள் அதில் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு இப்படி நின்னு கேக்கத் தெரியாது. ஆத்துப் படிக்குக் கம்பி போடணும். கம்பி போட்டாத்தான் அக்காவ அனுப்புவேன்னு மக சொல்லிட்டா. ரெண்டு அடுப்புல ஒண்ணு அணைஞ்சு கெடக்கு. நான் ஒத்தையில சோறு திங்குறேன்."

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். "ஒங்க அக்காவுக்காக ஊரு கம்பி போடணுமாக்கும்?"

"யாரு, நீயா? போன மாசம் ஒங்க அப்பன் கருமாதிக்கு அந்தப் படியிலதான எறங்குன? ரெண்டு பேரு தோளப் பிடிச்சுல்ல எறங்குன. கம்பி இருந்தா அந்த ரெண்டு பேரும் சும்மா இருந்திருப்பாக."

கூட்டம் சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. அவள் எப்படி நின்றாள், கையை எங்கே வைத்துக்கொண்டாள், முந்தானையை இழுத்துச் செருகினாளா, ஒன்றும் நான் பார்க்கவில்லை. அவள் வாழ்நாளில் முதன்முதல் எழுந்து நின்ற நேரம் நான் ஒரு கை தூரத்தில் சொம்புக்குள் கிடந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இடுப்பு வலியைவிட அதுதான் வலிக்கிறது.

"சம்மதம்னா கை தூக்குங்க," என்றார் தலைவர்.

நானும் தூக்கினேன். இந்த மாடியில், கட்டிலில் உட்கார்ந்தபடி, போனுக்கு நேராக. அங்கே சொம்புக்குள் என் கை தெரிந்திருக்கும். குனிந்து பார்த்தவர் யாரும் இல்லை. மகள் மட்டும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தீர்மானம் ஆயிருச்சும்மா. கையை எறக்கு, வலிக்கும்," என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே சொன்னாள், "சித்தி ஒத்தையிலயா சாப்பிடுது?" நான் புதுச் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். "அடுத்த சபைக்குக் காரு வச்சுக் கூட்டிட்டுப் போறேன். ஆனா கம்பி வர்ற வரைக்கும் ராத்தங்கக் கூடாது," என்றாள். அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது.

தீர்மானம் ஆனபின் ஆள் வந்து அளந்தார்கள். படியில் ஓட்டை போட்டார்கள். கைப்பிடிக் குழாய் இன்னும் வரவில்லை. தினம் காலையில் சின்னவள் குளிக்கப் போகும்போது போனைத் திருப்பி அந்த ஓட்டைகளைக் காட்டுகிறாள். "தண்ணி நிக்குது பாருங்கக்கா, குருவி வந்து குடிக்குது," என்கிறாள். நான் ஓட்டையைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் ஓடுகிற தண்ணீரைப் பார்க்கிறேன். மதகைத் திறந்துவிட்டார்கள் போல, நிறம் மாறியிருக்கிறது. இந்நேரம் இறங்கினால் முழங்கால் வரை ஜில்லென்று ஏறும்.

காந்தி பிறந்த நாள் சபைக்குப் போவேன். சின்னவள் துண்டு போட்டு வைத்திருப்பாள். நான் உட்காருவேன். ஆனால் இந்தத் தடவை பேசுவதற்கு அவளைத்தான் எழுப்புவேன். பக்கத்திலிருந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வெற்றிலைப் பையை நான் வைத்துக்கொள்கிறேன்.

சின்னவளுக்கு எழுத்து தெரியாது. அதனால் நான் எழுதிய இதைப் பேத்தியை விட்டு அவளுக்குப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். பேத்தி, இங்கன வா ஆத்தா. சின்ன அம்மாச்சியைக் கூப்பிடு. போனைச் சொம்புக்குள் வைத்துவிட்டாளா என்று கேட்டுக்கொள். பிறகு முதலிலிருந்து வாசி, எனக்கும் கேட்கட்டும். அவள் எழுந்து நிற்கிற இடம் வந்ததும் கொஞ்சம் மெதுவாக வாசி.