கீழ்வீட்டு மோகனம்

எங்கள் மாமாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் அது சங்கீதத்தை ஒட்டித்தான் வரும். ஒஸ்லோ நகரத்து ரொம்மனில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பின் குளியலறையில் ஒரு சனிக்கிழமை காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோதும் அப்படித்தான் வந்தது. பாதி முகத்தில் நுரையோடு வெளியே ஓடிவந்தார்.

"அக்கா, கீழ்வீட்டு ஆள் எங்கட மோகனத்தைக் களவெடுத்திட்டான்!"

"அந்தாள் தன்ர பாட்டுக்கு வாசிக்குது. நீ போய் முகத்தைக் கழுவு," என்றார் அம்மா.

கீழ்வீட்டு ஆள் எத்தியோப்பியர். அடிஸ் அபாபாவில் ஒரு நாடக அரங்கின் வாத்தியக் குழுவுக்கு இசையமைத்தவர். அங்கே ஆட்சி மாறியபோது சூடானுக்குத் தப்பி, சில வருடங்கள் அலைந்து, ஒஸ்லோ வந்து சேர்ந்தவர். பகலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையில் கீபோர்ட்டை வைத்து எதையோ வாசிப்பார், எழுதுவார், எழுதியதை வெட்டுவார், மறுபடி வாசிப்பார். அந்தச் சத்தம் குளியலறைக் காற்றுக்குழாய் வழியாக எங்கள் வீட்டுக்கு வரும். பாட்டு வகுப்புக்காக நான் பாடிப் பழகுவது அதே குழாய் வழியாக அவர் வீட்டுக்குப் போகும் என்பதை மாமாதான் முதலில் கண்டுபிடித்தார்.

மாமா அம்மாவின் தம்பி. மட்டக்களப்பில் மிருதங்கம் படித்தவர். ஒஸ்லோவில் ஒரு பேக்கரியில் மா குழைத்தார். கோயிலில் வழமையாக வாசிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவருக்கு அழைப்பு வரும். அந்த மனிதருக்கோ நோர்வேக் குளிரிலும் காய்ச்சல் வராது. ஒரு மேடையில், தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அது இல்லாமற்போனதால் எங்கள் மேசை, கதவு, சோற்றுப்பானை மூடி எல்லாம் அடிவாங்கின.

சண்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமாவுக்கு நோர்வேக்காரரின் நோர்ஸ்க் மொழி வராது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. கடையிலும் வைத்தியரிடமும் நான்தான் அவருடைய வாய்.

"மருமகள், நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டையும் விடாத."

கீழ்வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை. அவருடைய ஊர் வழக்கப்படி பச்சைக் கோப்பிக்கொட்டையை எங்கள் முன்னாலேயே வறுத்தார். ஒரு தட்டு நிறையச் சோளப்பொரி வைத்தார். பிடியில்லாத சின்னக் கோப்பையில் முதல் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்த மாமாவை மறுபடி உட்காரவைத்தார். மூன்று கோப்பை குடிக்காமல் போகக்கூடாதாம், மூன்றாவதுதான் ஆசீர்வாதமாம்.

இரண்டாவது கோப்பையில் மாமா மோகனத்தைப் பாடிக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே அதே ஐந்து சுரங்களைக் கீபோர்ட்டில் வாசித்தார். தங்கள் நாட்டில் இதற்குத் திஸிதா என்று பெயர், நினைவு என்று அர்த்தம் என்றார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில், இந்தப் பிள்ளை மூன்றாவது சுரத்தில் நின்று இழுக்கிற இடத்தை மட்டும் எடுத்தது உண்மைதான் என்றார். நான் மொழிபெயர்த்தேன். மாமாவின் முகத்தில் கோபம் போய்ப் பெருமை வந்து உட்கார்ந்தது.

மூன்றாவது கோப்பையில்தான் அவர் அதைக் கேட்டார். வசந்தகாலத்தில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் அவருடைய கச்சேரி. ஒஸ்லோவில் அவருடைய முதல் கச்சேரி. நடுவில் ஒரு பகுதியில் நான் பாட வேண்டும், மாமா மிருதங்கம் வாசிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பகுதி நிற்கும் என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பாலைத் தட்டிவிட்டது நான்.

முந்திய இலையுதிர்காலத்தில் அம்மாவின் வற்புறுத்தலில் பட்டுப்பாவாடை கட்டி அதே மண்டபத்தில் பாடியிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வகுப்பில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் "ஆ... ஆ..." என்று இழுத்தார்கள். இன்னொரு தடவை என்றால் செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டார் மாமா.

"கச்சேரிக்கு எங்களைப் பாக்க வரட்டாம்."

அவரிடம் திரும்பி, மாமாவுக்கு பேக்கரி வேலை, ஒத்திகைக்கு வர நேரமில்லை, நானும் தனியாகப் பாடமாட்டேன் என்று நல்ல நோர்ஸ்க்கில் சொன்னேன். அவர் மெல்லத் தலையாட்டினார். மாமா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

"சரி பிள்ளை. அப்ப போவம்."

கச்சேரிக்குப் போனோம். இசைப்பள்ளிப் பிள்ளைகள் வயலின் வாசிக்க, அவருடைய நண்பர் ஒருவர் அவர்கள் நாட்டு யாழ் போன்ற ஒன்றை மீட்டினார். நடுவில் எல்லாம் ஓய்ந்து ஒரு கிளாரினெட் மட்டும் தனியாக எழுந்தது. நான் நின்று இழுக்கும் அந்த இடம். பக்கத்தில் மாமாவின் விரல்கள் முழங்காலில் ஓடின. சத்தமே இல்லை. மேடையில் நிற்காமல் தப்பிய சந்தோஷத்தில் நான் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கச்சேரியை நினைத்தால் அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

முடிந்ததும் வாஃபல் அப்பம் கொடுத்தார்கள். இசையமைப்பாளர் நேரே எங்களிடம் வந்தார். நான் மொழிபெயர்ப்பேன் என்று காத்திராமல் மாமாவின் கையைப் பிடித்து, நீங்கள் ஒத்திகைக்கு வந்திருந்தால் அந்த இடம் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று நோர்ஸ்க்கில் சொன்னார். பொய் வெளிவரப்போகிறது என்று வாயிலிருந்த வாஃபலை அவசரமாக விழுங்கினேன். நான் வாய் திறப்பதற்குள் மாமா நோர்ஸ்க்கிலேயே பதில் சொன்னார்.

"ஓம். பேக்கரியில சரியான வேலை, நேரமில்லை. பிள்ளை சொன்னது உண்மை."

அவர்கள் இருவரும் கைகுலுக்கினார்கள். பிடிபடாமல் தப்பிவிட்டேன் என்று நான் இன்னொரு வாஃபல் எடுக்கப் போனேன். அவ்வளவு சின்ன நோர்ஸ்க் பதிலில் மாமா இரண்டு இலக்கணப் பிழை விட்டுவிட்டாரே என்பதுதான் அன்று என் கவலையாக இருந்தது.