மாமாங்கத்தைக் காவலுக்கு வைத்தவர்கள்

குருக்கள்மடம், றோட்டோரக் கணினி அறை. இருப்பவர்கள்: பழுகாமத்திலிருந்து வந்த நான். கணினி காட்டித்தரும் பிள்ளை. மீன் விற்கும் பூரணம். காத்தான்குடிப் புடவை வியாபாரி. மழைக்கு ஒதுங்கிய பஸ் கொண்டக்டர்.

பாலத்துச் சோதனைச் சாவடியில் இறங்கி, நனைந்து நடந்து வந்திருக்கிறேன். மகன் கட்டாரிலிருந்து மின்னஞ்சல் போட்டிருப்பான். போன மின்னஞ்சலை எனக்கு முதலே யாரோ திறந்து வாசித்துவிட்டார்கள். அவனுடைய விலாசம் அதில் இருந்தது. இந்த யுத்த காலத்தில் அது நல்லதில்லை.

எனக்குத் தட்டத் தெரியாது. "மாமாங்கேஸ்வரர்" என்று கடவுச்சொல்லை உரக்கச் சொல்கிறேன்.

பிள்ளை தலையில் கை வைக்கிறாள். "மாமா, றோட்டுக்கே கேக்குது! இப்பிடிச் சொன்னா ஆரும் திறப்பாங்கதானே?"

"சாமி பாத்துக்கொள்ளும் புள்ள."

"என்டயும் அதுதான்," என்கிறாள் பூரணம். கொண்டக்டர் சிரித்துக்கொண்டு கை தூக்குகிறார். வியாபாரியும் தூக்குகிறார்.

"நானா, நீங்களுமா?" என்று அந்த முஸ்லிம் அண்ணனைக் கேட்கிறாள் பிள்ளை.

"என்ட கடைப் பேர வெச்சா உடன கண்டு புடிச்சிருவாங்க. நான் கோயில் பேர வெப்பன் எண்டு ஆரு நினைக்கிற?"

"எல்லாத்தையும் இப்பவே மாத்தணும்," என்கிறாள் பிள்ளை.

"உன்ட என்ன புள்ள?" என்று கேட்கிறேன்.

அவள் வெளியே மழையைப் பார்க்கிறாள். பிறகு மெதுவாகக் கை தூக்குகிறாள்.

மாற்ற வேண்டியவை ஐந்து.