அப்பா பார்த்த கடைசிப் பத்து நிமிடம்

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் "அட, நல்ல காமெடியாச்சே" என்பீர்கள். சோபாவில் என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

விரலில் அந்தப் பிசுபிசுப்பு ஒட்டியதும் தியேட்டர் ஞாபகம் வந்துவிட்டது. அடுகோடிப் பக்கம் இருந்த அந்தத் தியேட்டரில் எந்தக் கைப்பிடியைத் தொட்டாலும் இப்படித்தான் ஒட்டும். யாரோ கொட்டிய கலர் சோடா, யாரோ தின்ற கடலைமிட்டாய்.

அப்போது நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அங்கே மெஷின் ஓட்டிய டேவிட்டை எனக்குப் பிடித்திருந்தது. நீலசந்திராக்காரர். எங்களுக்கும் அவருக்கும் சாதியும் வேறு, சாமியும் வேறு. வீட்டில் எப்படிச் சொல்வது என்று கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். அப்பா லேத் பட்டறைக்காரர், முன்கோபி. சினிமாவுக்குப் போனால் மட்டும் குழந்தை. என் மகா மூளையில் ஒரு யோசனை உதித்தது. காதலுக்காக ஒருத்தன் ஊரையே எதிர்க்கிற அந்தப் படத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போவது, சிரித்து இளகியிருக்கும்போது விஷயத்தைச் சொல்லிவிடுவது. டேவிட் நாலு வரிசை பின்னால் உட்கார்ந்திருப்பார். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் அப்புறம் செய்ததில்லை.

அப்பா என்னமாய்ச் சிரித்தார் தெரியுமா. ஹீரோ மதில் ஏறிக் குதித்தபோது தொடையைத் தட்டி, "ஓடுறா மவனே, ஓடு" என்றார். பஞ்சாயத்தில் ஹீரோ "சாதியாவது மண்ணாவது" என்று கத்தினான். தியேட்டரே விசிலடித்தது, அப்பாவும்தான். இடைவேளையில் எனக்குக் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் கடைசிப் பத்து நிமிடம் நான் திரையையே பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி டேவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா கை தட்டுவது மட்டும் காதில் விழுந்தது. அவரும் படம் பார்க்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது சொன்னேன். அப்பா நின்றார். யாரு, எந்த ஏரியா, என்ன ஆளுங்க என்று மூன்றே கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு, "பேடா" என்றார். வேண்டாம் என்பதை அவர் அந்த ஊர்க் கன்னடத்தில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

"படத்துல மட்டும் கை தட்டினீங்களேப்பா?"

"நீ படத்த முழுசா பாத்தியா?"

நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் முதல் வேலைக்கு அனுப்பவில்லை. டேவிட்டிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. இரண்டே மாதத்தில் ஆம்பூரில் வைத்து, மாமா மகனோடு கல்யாணம் முடிந்தது. இதோ, சோபாவில் சிரிக்கிறாரே, அவர்தான்.

டிவியில் இந்தப் படம் வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் போன ஞாயிறுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மறுபடி கூடுகிற கடைசிப் பஞ்சாயத்துக்குப் பெண்ணின் மாமா ஓடி வருகிறார். ஹீரோவின் தோளில் மச்சத்தைப் பார்க்கிறார். திருவிழாவில் தொலைந்துபோன என் பிள்ளை இவன்தான் என்கிறார். அதாவது, பெண்ணுக்கு முறைப்பையன். அரிவாளையெல்லாம் கீழே போட்டுவிட்டு "அட, நம்ம பையன்" என்று கட்டிப்பிடிக்கிறார்கள். தாலி ஏறுகிறது, ஊரே சிரிக்கிறது. சாதியாவது மண்ணாவது என்ற பேச்சு எங்கே போனதோ. அந்தப் பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. குனிந்து கழுத்தை நீட்டுகிறாள், அவ்வளவுதான். அப்பா என்னை ஏமாற்றவில்லை, அவர் கை தட்டியது இதற்குத்தான்.

"குடும்பத்தோட பாக்கற மாதிரி நல்ல படம், இல்ல?" என்றார் இவர். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. "ம்" என்றேன்.

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. தியேட்டரை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். பொம்மசந்திராவில் அந்தக் கம்பெனியும் இல்லை. டேவிட் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, விசாரிக்கவும் ஆளில்லை. படம் மட்டும் மாசம் ஒரு தடவை வந்துவிடுகிறது. அன்றைக்கு டிவியில் தாலி கட்டுகிற இடம் வந்தபோது என் கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது. சுவரும் காலண்டரும்தான் இருந்தன.