அண்ணன் ஒட்டிய கடைசி விமானம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் அண்ணனை ராவாங் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்தவராகத் தெரியும். சிலருக்குக் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு பந்தி பந்தியாக ஓடியவராகத் தெரியும். அவர் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவர் என்பதை மட்டும் நாங்கள் கொஞ்சம் அடக்கியே வாசித்தோம். தலை நரைத்தவர் பொம்மை விமானம் செய்கிறார் என்று சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது? இன்று தங்கை என்ற உரிமையில் அதைத்தான் எழுதப் போகிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அண்ணன். அவர் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அப்பா தவறிவிட்டார். தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அம்மாவையும் என்னையும் அசாம் ஜாவா என்ற ஊருக்கு அழைத்துவந்து, வாடகைக்கு வீடு பிடித்து, வேலைக்குப் போனார். என்னைப் பட்டம் வரை படிக்க வைத்தார். கடல் தாண்டி, சபா மாநிலத்தில் நடந்த என் பட்டமளிப்பு விழாவுக்கு வந்ததுதான் அவருடைய முதல் விமானப் பயணம். ஊர் திரும்பியதும் நான் மேடையேறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறக்கையில் ஆணிகள் எப்படி வரிசையாக இருந்தன என்பதையே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த மாதமே கிள்ளானுக்குப் போய் விமானப் பாகங்கள் அடங்கிய முதல் பெட்டியை வாங்கி வந்தார். அந்த விமானம் ஒரு பக்கம் சாய்ந்தே பிறந்தது. பிறகுதான் அவருக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஒருவர் கோலசிலாங்கூரில் உணவகம் நடத்தும் சாகுல் அண்ணன். இன்னொருவர் செகிஞ்சானில் நெல் போடும் லியோங். ஞாயிறு காலையானால் மூவரும் உணவகத்து மாடியில் கூடிவிடுவார்கள். பிளாஸ்டிக் சட்டத்தோடு வரும் பாகங்களை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, சாயம் அடிப்பார்கள். சின்னம் அச்சடித்த ஒட்டுப்படங்களைத் தேநீர்த் தட்டில் ஊறவைப்பார்கள். கீழே தட்டு குறைந்தால் எங்கே தேடுவது என்று வேலையாட்களுக்குத் தெரியும்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. மூக்கடியில் சக்கரம் உள்ள விமானத்துக்கு மூக்கில் பாரம் வேண்டும். இல்லாவிட்டால் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். அதனால் உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுமுன் உள்ளே ஈயம் வைக்க வேண்டும். ஒட்டிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. யார் ஒட்டப் போனாலும் மற்ற இருவரும் “ஈயம் போட்டாச்சா?” என்று கேட்டே ஆக வேண்டும். மறந்தவர் எல்லாருக்கும் தேநீர் வாங்க வேண்டும். அண்ணன் சுங்கை செம்பிலாங்கில் தூண்டில் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து எல்லாருக்கும் பங்கு போடுவார். அவர் கையால் ஒரு நாளும் தேநீர் குடிக்க முடியவில்லை என்பது சாகுல் அண்ணனின் தீராத குறை.

மூளையில் கட்டி என்று தெரிந்த பிறகு அண்ணனால் மாடிப்படி ஏற முடியவில்லை. வீட்டிலேயே ஒரு விமானத்தைத் தொடங்கினார். நினைவு தடுமாறியது. பக்கத்தில் இருந்த என்னை எங்கள் அம்மா என்று எண்ணிப் பேசினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, பழக்கத்தில் கை மட்டும் வேலை செய்கிறது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தானோ என்று நினைக்க ஆரம்பித்தேன். என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன், என் கண் முன்னே உட்கார்ந்துகொண்டே எங்களை விட்டுப் போய்விட்டாரோ என்ற துக்கம் அவர் இறந்த பிறகும் என்னை விடவில்லை.

கூட்டாளிகள் வராத ஒரு வேலைநாளில் தனியாக விமானத்தின் உடம்பை ஒட்டி முடித்தார். சக்கரம் பொருத்தவும் சாயம் அடிக்கவும் அவருக்கு நாள் இருக்கவில்லை.

இந்த முதலாண்டு நினைவு நாளுக்காகக் கூட்டாளிகள் இருவரும் அதை எடுத்துப்போய்ச் சாயம் அடித்தார்கள். சென்ற ஞாயிறு சக்கரம் பொருத்த அண்ணியையும் என்னையும் அழைத்திருந்தார்கள். லியோங் மலாயில் மெல்லக் கேட்டார்: ஒட்டும்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? யாரும் கேட்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாதா என்றேன். ஒரு குண்டு குறைந்தாலும் வால் இறங்கிவிடும், நிறுத்தினால்தான் தெரியும் என்றார். ஈயம் இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் அறுத்து உள்ளே வைக்கலாம் என்றார் சாகுல் அண்ணன்.

அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தார். “அவரு ஒட்டுனத தொறக்க வேணாம். வால் குத்தி உக்காந்தா உக்காரட்டும்.”

பசை காயும் வரை காத்திருந்தோம். லியோங் விமானத்தை மேசையில் வைத்துக் கையை எடுத்தார். மூன்று சக்கரத்திலும் நின்றது. நம்பாமல் சாகுல் அண்ணன் வாலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் மூக்குச் சக்கரம் தானாகத் தரைக்கு வந்தது.

“போட்டிருக்காருமா. யாரும் கேக்காமலே போட்டிருக்காரு. கடைசி வரைக்கும் நமக்கு டீ வாங்கித் தரலை, பாத்தியா?” என்றார் சாகுல் அண்ணன்.

நான் வாய்விட்டு அழுதேன். ஓராண்டில் நிம்மதியாக அழுதது அன்றுதான். என்னை யாரென்று தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் அண்ணன் அங்கேதான் இருந்திருக்கிறார்.

மருத்துவமனைக்குக் கார் ஓட்டியவர்களுக்கும், முறை வைத்து எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், கடைசிக் காரியத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், அந்த இரு கூட்டாளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்று அண்ணன் படத்தின் அருகே அந்த விமானத்தை வைத்திருக்கிறோம். பிள்ளைகளும் கிட்டே போய்ப் பார்க்கலாம். உள்ளே ஈயம் இருக்கிறதா என்று மட்டும் யாரும் வாலை அழுத்திப் பார்க்க வேண்டாம். இருக்கிறது.