ஏழு நிமிஷ பாய்

பள்ளிவாசல் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன், மரத்தூள் அள்ளும் கூலியாக நுழைந்த அதே மர மில்லுக்கு எப்படி முதலாளி ஆனான் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நியாயமான ஆசைதான். சொல்வதில் எனக்கும் கூச்சம் கிடையாது. ஒரு மரத்தடியை விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் என் முன்னால் கைகட்டி நின்று கேட்டுப் போயிருக்கிறார்கள். ஐந்து வேளைத் தொழுகையைப் பதினைந்து வயதிலிருந்து விட்டதில்லை. ஜகாத்தை யாரும் வாய் திறந்து கேட்கும் முன்பே கொடுத்துவிடுவேன். ஹஜ்ஜும் போய் வந்தாயிற்று. இதையெல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. எங்கள் மில்லில் சங்கு ஊதிய ஒரு மனிதரிடம் போய் நின்றுகொண்டது. சரி, அவரையே எழுதிவிடுகிறேன். நானும் அதற்குள் வருவேன். அவ்வளவு அழகாக வரமாட்டேன்.

அவருக்கு முதலில் இருந்த பேர் சங்கு பாய். ஒல்லியான ஆள், தலை எப்போதும் இடது பக்கம் சாய்ந்திருக்கும். இருபது வருஷம் சங்குக்குக் கீழேயே நின்று வலது காது மந்தமாகிவிட்டது. நல்ல காதை நம் பக்கம் நீட்டிக்கொண்டே பேசுவார். கொதிகலன் அறையை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன அறை. சுவரில் வட்டக் கடிகாரம், அதற்குப் பக்கத்தில் பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியை இழுத்தால் கூரைமேல் இருக்கும் சங்கு அலறும். வேலை தொடங்க, சாப்பாட்டுக்கு விட, திரும்பக் கூப்பிட, முடிக்க என்று ஒரு நாளைக்கு நாலு சங்கு. தினமும் காலையில் ரேடியோவில் செய்திக்கு முன்னால் மணி சொல்வார்கள் அல்லவா, அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். அவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. அந்த வட்டக் கடிகாரம் ஒன்றுதான்.

ரமலான் மாதத்தில் மட்டும் ஐந்தாவதாக ஒரு சங்கு உண்டு, நோன்பு திறக்க. பள்ளிவாசல் ஊரின் மறுகோடியில் இருந்தது. அப்போது ஒலிபெருக்கி இல்லை. மோதினார் எவ்வளவு தொண்டை கிழிய பாங்கு சொன்னாலும் மில் தெருக்களுக்கு எட்டாது. அதனால் பழைய முதலாளி மில் சங்கை அதற்கு அனுமதித்திருந்தார். எங்கள் பக்கத்தில் நூற்றுப்பத்து வீடுகள். அந்த நேரத்தில் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். முற்றத்தில் பாய் விரித்து, தட்டில் பேரீச்சம்பழமும் குவளையில் தண்ணீரும் வைத்துக்கொண்டு எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். அழும் குழந்தைகூட நிறுத்திவிடும். சங்கு ஊதியதும் நூற்றுப்பத்து வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் 'பிஸ்மில்லாஹ்' கேட்கும். இப்போது ஆளாளுக்குக் கைப்பேசியில் பாங்கு வருகிறது. ஒருவனுடையது முந்தும், இன்னொருவனுடையது பிந்தும். அந்த ஒரே நேரம் போய்விட்டது.

அந்தச் சங்கை மட்டும் பாய் ஒளு செய்யாமல் தொடமாட்டார். கை, முகம், கால் எல்லாம் கழுவிக்கொண்டு வந்துதான் கைப்பிடியைப் பிடிப்பார். அப்போது நான் மேஸ்திரி. கேலி செய்யாமல் இருக்க முடியுமா?

"என்ன பாய், சங்கு ஊதக்கூட ஒளுவா? தொழவா போறீங்க?"

"சிரிங்க மேஸ்திரி. தொழுதா நாலு பேர் பார்ப்பாங்க. ஜகாத் கொடுத்தா வாங்கினவனுக்குத் தெரியும். ஹஜ்ஜுக்குப் போனா ஊரே வழியனுப்பும். நோன்பு அப்படியா? கதவைச் சாத்திட்டு ஒரு மொடக்கு தண்ணி குடிச்சா எவனுக்குத் தெரியும்? ஆனா குடிக்காம இருக்கான் பாருங்க. அவனுக்கும் அல்லாவுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அத்தனை வீட்டுலயும் அதை முடிச்சு வைக்கிற வேலைய என் கையில கொடுத்திருக்காங்க. கை சுத்தமா இருக்க வேணாமா?"

பன்னிரண்டு வருஷம் அப்படி ஊதினார். ஒரு நாள் தவறியதில்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். மற்ற நாலு சங்கும் சம்பளத்துக்கு, ஐந்தாவதுதான் தன்னுடையது என்பார்.

அதை அவர் கையிலிருந்து பிடுங்கியவன் நான்.

ஒரு ரமலானில், இருபத்தோராவது நோன்பு. மத்தியானம் ஒரு லாரிக்கு அவசரமாகப் பலகை ஏற்ற வேண்டியிருந்தது. நோன்பாளிகள் லுஹர் தொழுதுவிட்டு மரத்தடி நிழலில் சாய்ந்திருந்தார்கள். எழுப்பினால் முனகுவார்கள். நான் கெட்டிக்காரன் அல்லவா! ரம்பத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து போனேன். பாய் தொழப் போயிருந்தார். கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து பெரிய முள்ளை ஏழு நிமிஷம் முன்னால் தள்ளினேன். அவர் வந்தார், முள்ளைப் பார்த்தார், ஊதினார். ஆட்கள் ஏழு நிமிஷம் முன்பாகவே எழுந்து வந்தார்கள். சாயங்காலத்துக்குள் முள்ளைப் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். லாரி வந்தது, ஒரு சக்கரம் சேற்றில் புதைந்தது, பலகை கட்டிய கயிறு அறுந்தது. மறந்தே போனேன்.

அன்று பார்த்து வானம் முழுக்க மேகம். வெயில் இருந்தால் நிழலைப் பார்த்தே யாராவது சொல்லியிருப்பார்கள். பாய் ஒளு செய்தார், பள்ளிவாசல் கொடுத்த நேர அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இழுத்தார். வழக்கம்போல முப்பது எண்ணும்வரை கைப்பிடியை விடவில்லை. அதற்குள் நான் முற்றத்தில் ஒரு குவளைத் தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்திருந்தேன். அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மேற்கே மேகம் கொஞ்சம் விலகியது. சூரியன் செக்கச்செவேலென்று அடுக்கி வைத்த மரத்தடிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பழத்தைக் கையில் துப்பினார். அடுத்த நிமிஷம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! சாப்பிடாதீங்க! பொழுது இன்னும் இருக்கு!"

ஐம்பதைத் தாண்டிய மனிதர், செருப்பில்லாமல், துப்பிய பழத்தைக் கையில் மூடிக்கொண்டு வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினார். தெரு முனையில் சோடாக் கடை வைத்திருந்தவர் அவருடைய மச்சான். வாய் நிறையப் பழத்தோடு அவர் கேட்டது மில் வாசல்வரை கேட்டது.

"மச்சான், எங்க நோன்புக்கே சங்கு ஊதிட்டீங்களா!"

தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் முள் ஞாபகம் வந்தது.

மறுகோடியில் பள்ளிவாசலில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் மோதினார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பொறுங்க" என்று கையை உயர்த்திவிட்டாராம். பாய் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்ததும், அதை நடத்திவைத்த ஹஜ்ரத்திடம் போய் நின்றார். ஹஜ்ரத் நிதானமாகச் சொன்னார்: பொழுது போய்விட்டது என்று நம்பித்தான் திறந்தார்கள், அதனால் பாவம் இல்லை. ஆனால் அந்த ஒரு நோன்பு கணக்கில் வராது. பெருநாள் கழிந்து அதற்குப் பதிலாக ஒரு நாள் களா நோன்பு வைத்தால் போதும்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல அறிவிச்சிடறேன். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் ஹஜ்ரத்.

"ஜும்ஆவுக்கு ஆம்பளைங்க வருவாங்க ஹஜ்ரத். பொம்பளைங்க? படுத்த படுக்கையா கிடக்கறவங்க? சங்கு வீட்டுக்குள்ள போய்ச் சொல்லுச்சு. தப்புன்னும் வீட்டுக்குள்ள போய்த்தான் சொல்லணும்."

போனார். தினமும் வேலை முடிந்து, சாயங்காலத் தொழுகையான அஸருக்கும் பொழுது சாய்ந்து தொழும் மஃரிபுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து வீடு. கதவைத் தட்டுவார், தள்ளி நிற்பார், ஒரே பேச்சைத்தான் பேசுவார். "இருபத்தொண்ணாவது நோன்பு அன்னைக்குச் சங்கு ஏழு நிமிஷம் முந்திடுச்சு. என் தப்பு. ஒரு நோன்பு களா வச்சிடுங்க. என்னை மன்னிச்சிடுங்க." சிலர் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். சிலர் முகத்துக்கு நேரே, "காது போச்சு, கண்ணும் போச்சா?" என்றார்கள். ஒரு தையல்காரி வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளை, வாழ்க்கையில் முதல் நோன்பு அன்றைக்குத்தான் வைத்ததாம். கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டது. பாய் வாசற்படியிலேயே குந்திக்கொண்டு, "உனக்கு இன்னும் கடமையே ஆகலம்மா. நீ ஆசையா வச்ச. உன் நோன்ப யாராலயும் குறைக்க முடியாது. சங்குத் தாத்தா உனக்குப் பதிலா ஒண்ணு சேர்த்து வச்சிடறேன், போதுமா?" என்றாராம். சொன்னபடியே பெருநாளுக்குப் பிறகு இரண்டு நோன்பு வைத்தார். ஒன்று தனக்கு. இன்னொன்று அந்தப் பிள்ளையின் கண்ணீருக்கு.

இத்தனை நடக்கும்போது நான் என்ன செய்தேன்? என் ஒரு நோன்பைக் களா செய்தேன். அதோடு சரி. அந்த மாதம்தான் என்னை மேனேஜராக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தப்பும் செய்யாத மேஸ்திரி என்று எனக்குப் பேர். அந்தப் பேரை ஒரு கடிகார முள்ளுக்காகக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கடிகாரம் பழசு, பழியை அது ஏற்கும் என்று எண்ணினேன். பாய் கடிகாரத்தின்மேல்கூடப் பழி போடவில்லை. "காலைல சரிபார்த்தேன். ஊதறதுக்கு முன்னால இன்னொரு தடவ யார்கிட்டயாவது கேட்டிருக்கணும். கேக்கல" என்று முடித்துவிட்டார்.

அடுத்த ரமலானுக்குள் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி வந்துவிட்டது. மில் சங்கு இனி வேண்டாம் என்று ஜமாஅத்தில் முடிவானது. சங்கு பாய் என்ற பேரும் போய், ஏழு நிமிஷ பாய் ஆனார். கடைசிவரை அதுதான் பேர். "ஏழு நிமிஷம் வர்றாரு, எல்லாரும் முன்னாடியே கிளம்புங்கடா" என்று டீக்கடையில் சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ரமலான் சாயங்காலங்களில் ஒளு செய்துகொண்டு அந்த அறைக்குள் போவார். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டதும் வெளியே வந்து பழத்தை வாயில் போடுவார். எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன்.

நான் மேனேஜர் ஆனேன், பிறகு மில்லையே வாங்கினேன். ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போது தெரிந்தவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவோம். பாய் அப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அவரிடமும் போனேன். எல்லாரிடமும் சொன்னதையே சொன்னேன்.

"தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க பாய்."

அவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார். "தெரியாம செஞ்சத எல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு மேஸ்திரி. தெரிஞ்சு செஞ்சது என்னன்னு சொன்னா அதையும் மன்னிச்சிடறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய்" என்று சிரித்தேன்.

"முள்ளுல கிரீஸ் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே துணி வச்சுத் துடைச்சிட்டேன்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நல்லபடியா போய்ட்டு வாங்க. எனக்கும் துஆ செய்யுங்க."

அத்தனை வருஷமாக அவருக்குத் தெரியும். அந்த வாசலிலாவது வாயைத் திறந்திருக்கலாம். அப்போதும் திறக்கவில்லை. கஅபாவைச் சுற்றி வந்தபோது எத்தனையோ துஆ கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே அந்த விரல் பிடி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

போன ரஜப் மாதம் பாய் மவுத்தானார். அடக்கத்துக்கு முன்னால் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றோம். எனக்கு முதல் வரிசை. வழக்கப்படி அவர் மகன் முன்னால் வந்து, "எங்கப்பா யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தா என்கிட்ட சொல்லுங்க, நான் பொறுப்பு. அவரால மனசு வருத்தம் இருந்தா மன்னிச்சிடுங்க" என்றார்.

பின் வரிசையிலிருந்து சோடாக்கடை மச்சானின் குரல். தொண்ணூறு வயது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டேதான் சொன்னார்: "எனக்கு ஏழு நிமிஷம் தரணும். மன்னிச்சிட்டேன் மச்சான்."

நாலு பேர் கண்ணீரோடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவரை மண்ணுக்குள் அனுப்பப் போகிறார்கள். கட்டிய பேர் கட்டியபடியே நிற்கப் போகிறது. என் கால் தானாக முன்னே போனது.

"அவர் யாருக்கும் தர வேண்டியதில்ல" என்றேன். "கடிகார முள்ளத் தள்ளினவன் நான். லாரிக்கு ஆள் வரணும்னு தள்ளினேன். சாயங்காலம் திருப்பி வைக்க மறந்துட்டேன். அவருக்குத் தெரியும். சொல்லல. அந்த ஏழு நிமிஷம் நான் தரணும். என்னை மன்னிச்சிடுங்க."

மகன் என்னையே பார்த்தார். அப்புறம் அந்த நாற்காலியிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"அவரு ஏழு நிமிஷம் முந்திட்டார்னு காலம் பூரா சிரிச்சோமே மேஸ்திரி. நீ நாப்பது வருஷம் பிந்திட்டியேப்பா."

ஹஜ்ரத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். நானும் கட்டினேன். மகன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, இடைவெளி இல்லாமல் தோளைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த நூற்றுப்பத்து வீடுகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். தேடிப்பிடித்து இதுவரை முப்பத்தொரு வீட்டின் கதவைத் தட்டிவிட்டேன். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில்தான் போகிறேன். அந்தத் தையல்காரியின் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. "சங்குத் தாத்தா எனக்காக ஒண்ணு வச்சாருங்க" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். மற்றவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். விலாசம் தெரியாது. இந்த மலர் எங்கெங்கோ போகும் என்றார்கள். அந்தத் தெருவில் அன்று நோன்பு திறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சங்கு சரியாகத்தான் ஊதியது. கடிகாரத்தில் கை வைத்தவன் நான்.

அவர் பேர் சங்கு பாய்.