யாரும் முடித்து வைக்கக் கூடாது

லாரிப் பட்டறையில் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தவரை தம்பியின் வாய்க்குப் பூட்டே கிடையாது. கம்ப்ரஸர் இரைச்சலையும் மீறிக் கதை சொல்லிப் பட்டறையையே சிரிக்க வைப்பான். வேலையும் அப்படித்தான். அவன் பூசிய கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று அக்கா சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கியில்லை. மூக்கில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக அந்தப் புகையை உள்ளே இழுத்தான். நுரையீரல் போனது. இனிப் பழையபடி ஆகாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. அவன் நிறுத்தும் இடத்தில் அக்கா பாய்ந்துவிடுவாள்.

"அக்கா, அந்த ஜன்னலை..."

"மூடணுமா? இதோ மூடிட்டேன்டா."

திறக்கச் சொல்ல வந்தவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இப்படி நுரையீரல் கெட்டவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். அக்காதான் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவாள். மூச்சுப் பயிற்சி தரும் பிசியோ பெண் ஒருத்தி, மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் ஆட மட்டும் செய்கிற மாதிரி உதட்டைக் குவித்து ஊதச் சொல்லிக் கொடுத்தாள். இன்ஹேலர் பாடம் வந்தபோது தம்பிக்குப் பழைய குஷி வந்துவிட்டது.

"நல்லா குலுக்கணும்... மெதுவா இழுக்கணும். இல்லன்னா... நாக்குக்குத்தான் பெயிண்ட்!"

ஒருநாள் பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் ஏதோ சொல்லத் திணறினார். அவர் மனைவி முந்திக்கொண்டு சொல்லி முடித்தாள். தம்பி கையை உயர்த்தினான்.

"இனிமே இங்க... ஒருத்தர் பேச்சை... இன்னொருத்தர் முடிச்சு வைக்கக் கூடாது." திரும்பிப் பார்த்தான். "முக்கியமா... எங்க அக்கா."

அறையே சிரித்தது. சிரிப்பு இருமலாகி, எல்லோரும் பாடத்தில் படித்தபடி முழங்காலில் கையூன்றிக் குனிந்தார்கள்.

அன்றிலிருந்து அதுவே சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் அதைச் சொல்வான். அவன் ஒரு ஜோக் சொல்லி முடிப்பதற்குள் வெயில் பெஞ்சு மாறிவிடும். யாரும் குறுக்கே வரமாட்டார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பெருமையில் கண் நிறைய.

குளிர்காலத்தில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி அவன் சொன்னான்:

"அக்கா... அந்தப் பச்சை..."

சட்டையா, அலமாரி டப்பாவா, அவன் முதன்முதலாகப் பூசிய லாரியா? நாக்கு நுனிவரை வந்த அத்தனையையும் அக்கா விழுங்கினாள். அவன் சொல்லட்டும். அவனும் 'இரு' என்று கை காட்டிவிட்டு மாஸ்க்கை வைத்துக்கொண்டான். மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொல்லப் பார்த்தான்.

மூச்சு சேரவில்லை.

"பச்சைன்னா என்ன அண்ணி?" என்று காரியம் முடிந்த அன்று அவன் மனைவி கேட்டாள்.

"தெரியலம்மா. பழையபடி குறுக்கே பேசியிருந்தா தலையாவது ஆட்டியிருப்பான். பாவி, அன்னைக்குன்னு பார்த்து வாயை மூடிட்டு இருந்தேனே!"

சங்கம் இரவல் கொடுத்திருந்த, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியைத் திருப்பிக் கொடுக்க அக்கா அந்த வகுப்பறைக்குப் போனாள். உள்ளே புதிதாக ஒரு தம்பதி. கணவர் ஒரு சொல் எடுத்தால் மனைவி ஒன்பது சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் தரையைப் பார்த்தார். பிசியோ பெண், தம்பி உட்காரும் காலி இடத்தைப் பார்த்தாள். தம்பியின் சட்டத்தைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கருவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் புது மனிதர் பாதிச் சொல்லோடு மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா... இங்க ஒரு சட்டம் இருக்கு. என் தம்பி..."

தம்பியைப் போலவே 'இருங்க' என்று கை காட்டினாள்.

அங்கே அத்தனை பேருக்கும் மீதி தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.