தையலுக்கு ஒரு அங்குலம்

தையல்காரருக்கு வண்டி என்றால் ஏற ஒரு கதவு, இறங்க ஒரு கதவு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் மனைவிக்கோ, சத்தத்தைக் கேட்டாலே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். இவ்வளவு கெட்டிக்காரி பதினொரு வருடமாகப் பார்த்த வேலை என்ன தெரியுமா? அண்ணனின் பட்டறையில் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெக்கானிக்குகள் கேட்கிற ஸ்பேர் பார்ட்ஸை எடுத்து நீட்டுவது. பட்டறையில் அவள் பெயரே ஜன்னலக்கா.

அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கை கையில் கிரீஸ் படக் கூடாது என்பது அவருடைய பாசம். பாசத்தின் மேல் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? அவள் கொடுக்கவில்லை. பட்டறையின் பின்பக்கம் துருவேறிக் கிடந்த பழைய பிக்அப்பைக் கேட்டு வாங்கினாள். அவளைவிட வயதில் மூத்த வண்டி. மோதி நசுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜினை எடுத்து, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் உட்கார வைத்தாள்.

வண்டி ஓடியது. அண்ணன் சுற்றி வந்து பார்த்தார்.

"ஓடுது, சரி. இன்ஜின் சின்னது. சுமை ஏத்தினா நாக்குத் தள்ளிடும்."

"டர்போ போடறேன்."

நின்றிருந்த மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "போடு. ஒரு டன் சிமெண்ட் ஏத்தி, தண்ணித்தொட்டி மேட்டுல மூணாவது கியரை மாத்தாம ஏறிக் காட்டு. ஏறிட்டா ஓரத்துக் குழி உனக்கு. ஏறலைன்னா இந்தப் பேச்சே கூடாது. ஜன்னல்தான்."

குழி என்பது வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற இடம். அதில் இறங்குகிறவர் மெக்கானிக். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டர்போ வந்த அன்று அதைத் தையல் மேஜையில்தான் கொண்டு வந்து வைத்தாள். பெரிய நத்தைபோல இருந்தது. உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சக்கரம். தையல்காரர் விரலால் தொட்டதும் சுழன்றது.

"வெளியே வீணாப் போற புகை இதைச் சுத்தும். இதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும், பலம் வரும்."

"எவ்வளவு வேகமாச் சுத்தும்?"

"நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல."

நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் போடும் மெஷின் தன்னிடம் இருப்பதாக ஊரெல்லாம் பெருமையடித்தவர் அவர். சக்கரத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். "அது எதுமேல நிக்குது?"

"எண்ணெய் மேல. மெல்லிசா ஒரு படலம், அவ்வளவுதான். ஆனா வந்த எண்ணெய் தானா வழிஞ்சு கீழே இறங்கணும். அதைத் தள்ளிவிட ஆள் கிடையாது. வழியில தேங்குச்சுன்னா போச்சு."

கழித்துவிடுகிற மூச்சை வைத்தே உள்ளே போகும் மூச்சைக் கூட்டுகிற பொருளை எவன் யோசித்தானோ என்று அவர் வியந்தார். அதைவிட, இதையெல்லாம் பருப்பில் உப்புப் போடுகிற மாதிரி சொல்கிறாளே என்று அவளைப் பார்த்து வியந்தார்.

பூட்டுகிற நாளில் அவரும் எடுபிடியாகப் போனார். அவள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குரல் கொடுத்தாள். "எண்ணெய் இறங்குற ஹோஸ். பதினொன்றரை அங்குலம் வெட்டிக் குடுங்க." துணிக் கத்தரிக்கோலை ரப்பரில் வைக்க மனம் வராமல் பிளேடால் வெட்டினார். ஹோஸ் மாட்டுகிற இடத்தைத் தடுப்புத் தகடு மறைத்திருந்தது. அவள் கைத்தடவலிலேயே கிளாம்பை இறுக்கினாள்.

ஞாயிறு காலை இருபது மூட்டை சிமெண்ட் ஏறியது. பட்டறையே வாசலில் நின்றது. அவள் இன்ஜினை ஸ்டார்ட் செய்தாள். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் சைலன்சரிலிருந்து நீலப் புகை. கொஞ்சநஞ்சம் இல்லை; எதிர்வீட்டுச் சுவரே தெரியவில்லை.

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். அண்ணன் கதவருகே வந்தார். "விடும்மா. முயற்சி பண்ணினே, போதும்," என்றார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

தையல்காரருக்கு, தேங்கினால் போச்சு என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, தகட்டின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஹோஸ் நேராக இறங்கவில்லை. நடுவில் தொப்பை போட்டிருந்தது. அளவு கூடிப்போன சட்டைக் கை அப்படித்தான் தொங்கும். அது அவருக்குத் தெரியாததா?

எழுந்தார். மச்சானுக்கு முன்னால் சொல்வதற்கு நாக்கு வரவில்லை. டேப்பும் ஊசியும்தான் மாப்பிள்ளைக்கு லாயக்கு என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்பவர். இன்று சொன்னால் ஆயுசுக்கும் விடமாட்டார். சொல்லாவிட்டால் அவள் ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

"தப்பு அவளுது இல்ல மச்சான், என்னுது. பதினொன்றரை கேட்டா. நான் பன்னிரண்டரை வெட்டிட்டேன்."

"ஏன்?"

"தையலுக்கு ஒரு அங்குலம் விட்டேன். பழக்க தோஷம்."

பட்டறை சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கீழே இறங்கிக் கையை நீட்டினாள். "பிளேடு இருக்கா?"

சூடு தணியக் காத்திருந்து அந்த அங்குலத்தை வெட்டினாள். மறுபடி ஸ்டார்ட் செய்தபோதும் புகை வந்தது. "உள்ளே தேங்கின எண்ணெய் எரியட்டும்," என்றாள். பத்து நிமிடத்தில் புகை மெலிந்து, நின்றே போனது.

அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறி, கியர்த் தடியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தார். தையல்காரர் பின்னால் மூட்டைகள்மேல். மேட்டின் பாதியில், லாரிகளே முக்குகிற இடத்தில், வண்டி தயங்கியது. அவள் மிதித்தாள். முன்னாலிருந்து டர்போவின் மெல்லிய விசில் ஒன்று கிளம்பி ஏறிக்கொண்டே போனது. ஒரு டன் சுமையும் தானும் சேர்ந்து மேலே தூக்கப்படுவதை அவர் முதுகு உணர்ந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு, என் பெண்டாட்டி செய்தது, என் பெண்டாட்டி செய்தது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். கியர் மூன்றிலேயே இருந்தது.

தொட்டியடியில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கி, ஏறி வந்த மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜன்னலுக்கு வேற ஆள் பாக்கணும்," என்றார்.

"இவரை மட்டும் வெச்சுடாதீங்கண்ணே. எதைக் கேட்டாலும் ஒரு அங்குலம் சேத்துக் குடுப்பாரு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பானெட்டைத் திற. நீ எப்படிப் போட்டேன்னு பாக்கணும்," என்றார். பதினொரு வருடத்தில் அவர் அவளிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பானெட்டைத் திறக்குமுன் கணவரிடம் வந்து, வெட்டிய ரப்பர்த் துண்டை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாள்.